மைதானத்தைப் புதுப்பிக்கிறேன் என்பவரிடம் என்ன கேட்பது? யாழ்ப்பாண உதைபந்தாட்ட ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீலக் கதிரைகள், நாலு லைற் கோபுரங்கள், பச்சைப் பசேலென்ற புல். கணினியில் கீறிய இப்படி ஒரு படம் ஊர் வட்ஸ்அப் குழுவுக்குள் வந்து விழுந்தால் அன்றைக்கு முழுக்க அதே கதைதான். லண்டனில் இருப்பவர் கைதட்டுவார், கனடாவில் இருப்பவர் "நானும் பங்கு தாறன்" என்பார். படத்தைப் போட்டவர் கழகத்தின் உரிமையாளராக இருக்கலாம், போசகராக இருக்கலாம், வெளிநாட்டில் உழைத்த காசில் பிறந்த ஊருக்கு ஏதாவது செய்ய வந்தவராகவும் இருக்கலாம். அவருடைய மனம் நல்ல மனமாகவே இருக்கட்டும். அவரை இருத்திவைத்துக் கேள்வி கேட்கும் உரிமை, அந்த மைதான ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திய ஒவ்வொருவருக்கும் உண்டு.

அந்தக் கேள்விகளை எப்படித் தயாரிப்பது, எந்த ஒழுங்கில் கேட்பது, பதிலை எப்படி எழுத்தில் வாங்குவது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். என் நிலைப்பாட்டை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதிரை எத்தனை, கூரை எப்படி என்பதெல்லாம் பிறகு. காணி இப்போது யார் பெயரில் இருக்கிறது, வேலை முடிந்தபின் யார் பெயரில் இருக்கப்போகிறது என்பதே தலைக்கேள்வி. கூரை ஒழுகினால் திருத்தலாம். காணி கைமாறிப் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா?

வேண்டும். இங்கிலாந்தில் பிரைட்டன் கழகத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 1902 முதல் அவர்கள் கோல்ட்ஸ்டோன் மைதானத்தில் விளையாடி வந்தார்கள். 1995இல் நிர்வாகம் அதைக் கட்டட வியாபாரிகளுக்கு விற்றது. புதிய மைதானம் எங்கே என்று கேட்டவர்களுக்கு உருப்படியான பதில் இல்லை. அதைவிட மோசமான ஒன்று கழகத்தின் யாப்பில் நடந்திருந்தது. கழகம் கலைக்கப்பட்டால் சொத்து விற்ற காசு எந்தத் தனியாளுக்கும் போகக்கூடாது என்ற பாதுகாப்பு வாசகம் சத்தமில்லாமல் நீக்கப்பட்டிருந்தது. அது வெளியில் வந்து எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் மறுபடி சேர்த்தார்கள். ஆனால் மைதானம் போனது போனதுதான். 1997 ஏப்ரல் 26ஆம் திகதி அங்கே கடைசி ஆட்டம். அதன்பின் இரண்டு பருவங்கள் 100 கிலோமீற்றருக்கு அப்பால் ஜில்லிங்ஹாமில் இரவல் மைதானம், பிறகு 2011 வரை ஒரு ஓட்டப்போட்டி அரங்கு. சொந்த மைதானம் என்று ஒன்றைத் திரும்பப் பார்க்க 14 ஆண்டுகள் ஆயின.

கொவென்ட்ரியின் கதை வேறு. பழைய ஹைஃபீல்ட் ரோட்டை விட்டு 2005இல் பளபளப்பான புதிய அரங்குக்குப் போனார்கள். அரங்கு கழகத்தின் கையில் இல்லை. வாடகைப் பிணக்கு முற்றி, ஒரு பருவம் நோர்த்தம்டனிலும் பிறகு இரண்டு பருவங்கள் பேர்மிங்ஹாமிலும் போய் 'சொந்த ஊர்' ஆட்டங்களை ஆடினார்கள்.

இந்த அனுபவங்களின் பிறகுதான் இங்கிலாந்தில் 2025 ஜூலையில் உதைபந்தாட்ட நிர்வாகச் சட்டம் வந்தது. முதல் ஐந்து மட்டங்களில் ஆடும் கழகங்களுக்குச் சுயாதீன ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை அது உருவாக்கியிருக்கிறது. மைதானத்தை விற்பது, இடம் மாற்றுவது போன்ற விடயங்களில் உரிமையாளர் நினைத்தபடி செய்யமுடியாதபடி அது வழிசெய்கிறது. நமக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. நம்மைக் காப்பாற்ற இருப்பவை காணி உறுதி, கழகத்தின் யாப்பு, எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். இந்த மூன்றும்தான்.

முதற்படி: மைதானம் யாருடையது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்

"அது எங்கட கழகத்தின்ர மைதானம்" என்று எல்லோரும் சொல்வோம். உறுதியைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? யாழ்ப்பாணத்தில் ஊர் மைதானங்கள் பலவிதமாக இருக்கின்றன. மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ சொந்தமானவை சில. சனசமூக நிலையத்தின் பெயரில் எழுதியவை சில. கோவில் தருமசாதனக் காணி, தேவாலயக் காணி, பள்ளிக்கூடக் காணி, பெர்மிட்டில் இருக்கும் அரச காணி என்றும் உண்டு. ஊரில் ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் "பிள்ளையள் விளையாடட்டும்" என்று வாய்ச்சொல்லால் விட்ட காணியும் உண்டு. இந்தக் கடைசி வகைதான் ஆகவும் ஆபத்தானது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்றுவதும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வாய்ச்சொல் நிற்காது. பெரியவரின் பேரப்பிள்ளைகள் நாலு நாட்டில் இருந்தால், பிரிபடாத பங்குக்கு நாலு பேரும் உரித்துக் கேட்கலாம். அந்த நாலு பேரில் ஒருவருடைய பங்கை நம் போசகர் ஏற்கெனவே வாங்கியிருக்கவும் கூடும்.

செய்ய வேண்டியது இதுதான். கிராம சேவகரிடம் காணியின் பெயரையும் எல்லைகளையும் கேட்டு எழுதுங்கள். கழகத்திலோ சனசமூக நிலையத்திலோ பழைய உறுதியின் பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் முன்னாள் செயலாளர் ஒருவரின் வீட்டு அலுமாரியில் இருக்கும். உறுதி இலக்கம் கிடைத்தால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம். இப்போதைய உரித்தாளர் யார், ஈடு வைத்திருக்கிறதா, குத்தகை பதிந்திருக்கிறதா, வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா என்பது அதில் தெரியவரும். ஊரில் ஒரு சட்டத்தரணி இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய பதிவேட்டின் கையெழுத்தை வாசிப்பதற்கே பழக்கம் வேண்டும்.

நில அளவைப் படத்தையும் கட்டாயம் எடுங்கள். வேலியில் நிற்கும் பூவரசு எல்லை என்று நாம் நினைத்திருப்போம். படத்தில் எல்லை வேறு இடத்தில் இருக்கும்.

இரண்டாம் படி: யாப்பை வாசியுங்கள்

கழகத்தின் யாப்பில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ யார் தீர்மானிக்கலாம், பொதுக்கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், கழகம் கலைந்தால் சொத்து யாருக்குப் போகும். நிர்வாக சபை மட்டும் கூடி முடிவெடுக்கலாம் என்று எழுதியிருந்தால் முதலில் அதைத் திருத்தச் சொல்லுங்கள். மைதானம் பற்றிய முடிவு பொதுக்கூட்டத்தில்தான், அதுவும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடுதான் என்று மாற்றிக்கொண்டால் நாளைக்கு வருகிற எந்த நிர்வாகத்துக்கும் அது கடிவாளம்.

கழகத்தை நடத்துவதற்கென்று தனியாக ஒரு கம்பனி பதிந்திருந்தால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் அதன் பணிப்பாளர்கள் யார், பங்குகள் யாரிடம் என்று கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். கழகத்தின் பெயரும் கம்பனியின் பெயரும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது வழக்கம். ஒரே சின்னம், ஒரே நிறம், ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள். எந்தக் கடதாசியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

மூன்றாம் படி: சபையிடம் எழுத்தில் கேளுங்கள்

மைதானம் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ சொந்தமானால் உங்கள் கையில் நல்ல ஆயுதம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. உள்ளூராட்சி மன்றங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். இலங்கைக் குடிமக்கள் எவரும் கேட்கலாம். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதோர் குடிமக்களாக இருக்கும் சங்கமும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது, அது இல்லாமல் சாதாரணக் கடிதமாகவும் கொடுக்கலாம்.

தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே சபையில் மேன்முறையீட்டுக்கென நியமித்த அலுவலரிடம் போகலாம். அவர் மூன்று வாரத்துக்குள் பதில் தர வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும் கொடுத்த திகதியோடு ஏற்புச் சீட்டு வாங்கி வையுங்கள். அந்தத் திகதி இல்லாவிட்டால் நாள் கணக்கே தொடங்காது.

"மைதானம் பற்றிய தகவல் தரவும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. இப்படி எழுதுங்கள்: 'இன்ன மைதானத்தைப் புதுப்பிப்பது தொடர்பாகச் சபை எடுத்த தீர்மானத்தின் பிரதி, அந்தக் கூட்டத்தின் அறிக்கை, எந்த ஆளுடனோ நிறுவனத்துடனோ செய்த குத்தகை அல்லது உடன்படிக்கையின் பிரதி, சமர்ப்பித்த கட்டட வரைபடம், மதிப்பீடு, கேள்விப்பத்திரம் கோரியிருந்தால் அதன் விபரம்.' ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் மறுபடி மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், சபையில் கேட்பது அவருடைய வேலை.

துரையப்பா அரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் உதவியோடு 7 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 1850 பேர் இருக்கத்தக்கதாகப் புதுப்பித்து 2016 ஜூன் 18ஆம் திகதி திறந்தார்கள். யார் காசு, எவ்வளவு, யாருடைய சொத்து என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஊர் மைதானத்துக்கும் குறைந்தது இந்த மூன்றுக்கும் ஒரே வரியில் பதில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: படத்தை அளந்து பாருங்கள்

படம் கண்ணுக்கு அழகாக இருக்கும். அளவுநாடா பொய் சொல்லாது. ஃபீஃபா பரிந்துரைக்கும் ஆடுகளம் 105க்கு 68 மீற்றர். நம் கணக்கில் அது 28 பரப்புக்குச் சற்று மேல். சுற்றிவர 3 மீற்றர் இடம் விட்டால் ஏறக்குறைய 32 பரப்பு வேண்டும். எட்டுத் தடங்களோடு 400 மீற்றர் ஓடுபாதையும் போடுவதென்றால் 65 பரப்பளவில் போய்விடும், அதற்குமேல்தான் பார்வையாளர் அரங்கும் வாகனத் தரிப்பிடமும். உங்கள் மைதானம் மொத்தம் 40 பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் ஓடுபாதை, இரண்டு பக்க அரங்கு, முன்பக்கம் கடைத்தொகுதி எல்லாம் இருந்தால் எங்கேயோ எதையோ குறைக்கப்போகிறார்கள். குறையப்போவது ஆடுகளம்தான்.

கடைத்தொகுதி இருந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். "வாடகை வந்தால் மைதானத்தைப் பராமரிக்கலாம்" என்பது நியாயமான பேச்சு. ஆனால் கடைகள் யார் பெயரில் எழுதப்படும், முற்பணம் யார் கணக்கில் விழும், வாடகையில் எத்தனை வீதம் கழகத்துக்கு? இதற்குத் தெளிவான பதில் வராதவரை மைதான ஓரத்தில் ஒரு கல்லும் வைக்க விடாதீர்கள். வீதியோரத்து நிலத்தின் பெறுமதி என்ன என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அடுத்தது தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் மாரி மழை இறங்கித் தங்குகிற தண்ணீரைத்தான் நாம் கிணற்றில் அள்ளுகிறோம். இயற்கைப் புல் என்றால் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் ஊற்றினாலே ஆடுகளத்துக்கு மட்டும் 35,000 லீற்றருக்கு மேல் வேண்டும். எந்தக் கிணறு, எத்தனை குதிரைவலு மோட்டார், பக்கத்து வீட்டுக் கிணறுகளுக்கும் தோட்டக் கிணறுகளுக்கும் என்ன ஆகும் என்று கேளுங்கள். செயற்கைப் புல் என்றால் தண்ணீர் மிச்சம், ஆனால் மத்தியான வெயிலில் கால்வைக்க முடியாத சூடு. எட்டு, பத்து ஆண்டில் மாற்ற வேண்டும். அந்த மாற்றும் காசை இப்போதே யார் சேர்க்கிறார்கள்? அதில் தூவுகிற இறப்பர்த் துகள் போன்றவற்றின் விற்பனையை 2031 முதல் நிறுத்துவதாக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் முடிவெடுத்துவிட்டது. அங்கே கழித்துவிட்ட சாமான் இங்கே மலிவாக வந்து இறங்காமல் பார்க்க வேண்டியது நாம்தான்.

மலசலகூடம் படத்தில் எங்கே இருக்கிறது? பெண்களுக்குத் தனியாக இருக்கிறதா? குழி எங்கே, கிணறு எங்கே? சுண்ணாம்புக்கல்லில் கழிவு விறுவிறென்று நிலத்தடிக்கு இறங்கிவிடும். கூட்டம் வருகிற நாளில் ஆயிரம் பேர் பாவிக்கிற குழியை வீட்டுக் குழிபோலக் கட்டினால் அயலில் யாரும் தண்ணீர் குடிக்க முடியாது. இதை ஒரு பெண் எழுந்து கேட்பது நல்லது. அம்மாமார், அக்காமார் ஆட்டம் பார்க்க வருவதும் வராததும் பல மைதானங்களில் இந்த ஒன்றில்தான் தங்கியிருக்கிறது.

வெளிவாசல்களை எண்ணுங்கள். 1985 மே 11ஆம் திகதி இங்கிலாந்தின் பிரட்ஃபோர்டில் மர அரங்கு தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்க வாசல்கள் பூட்டிக்கிடந்தது பலருடைய உயிரை எடுத்தது. திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேட்பது சின்னக் கேள்வியாகத் தெரியும். கேளுங்கள்.

நிலத்தைத் தோண்டுவது பற்றியும் ஒன்று. 1999இல் துரையப்பா அரங்கைப் புனரமைக்கத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2025இல் செம்மணி சிந்துபாத்தி மயானத்திலும் கட்டுமான வேலையின்போதுதான் எலும்புகள் வெளிப்பட்டு, பிறகு நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கியது. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணி என்றால் கண்ணிவெடி அகற்றிய சான்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தோண்டும்போது ஏதாவது வெளிப்பட்டால் வேலையை உடனே நிறுத்திப் பொலிசுக்கும் நீதவானுக்கும் அறிவிப்பது யார் பொறுப்பு என்பதைக் கொந்தராத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இது நம் மண்ணில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

ஐந்தாம் படி: காசு எங்கிருந்து, எப்படி

கேட்க வேண்டியவை: மொத்த மதிப்பீடு எவ்வளவு, அதில் கையில் இருப்பது எவ்வளவு, வாக்குறுதியாக இருப்பது எவ்வளவு, கடன் எவ்வளவு. கடன் என்றால் எதை ஈடு வைத்து? மைதானத்தை ஈடு வைப்பதென்றால் பேச்சு அங்கேயே நிற்கட்டும்.

புலம்பெயர் உறவுகளிடம் சேர்ப்பதென்றால் காசு கழகத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், தலைவரோ பொருளாளரோ தனியாக எடுக்க முடியாதபடி கூட்டுக் கையெழுத்து வேண்டும். வேலை கட்டம் கட்டமாக முடிய, அளந்து பார்த்துத்தான் தவணை கொடுக்க வேண்டும். அரைகுறையில் நின்று கம்பி துருப்பிடித்துக் கிடக்கும் அரங்கைவிட வெறும் மைதானம் எவ்வளவோ மேல்.

வருமானக் கணக்கைக் காட்டினால் அதையும் தட்டிப் பாருங்கள். ஃபீஃபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தி அந்த ஆகஸ்டில்தான் தடையை நீக்கியது. தேசிய, சர்வதேசப் போட்டிகளை நம்பிப் போட்ட கணக்கு அப்படி ஒரு ஆண்டில் என்ன ஆகும்? மின்னொளியில் நடக்கும் ஊர்ச் சுற்றுப்போட்டிகளின் ரிக்கற் காசில் லைற் பில்லும் காவலாளியின் சம்பளமும் கட்டுப்படுமா? தண்ணீர், புல்வெட்டு, மின்சாரம், காவல், கழுவித் துடைப்பது என்று மாதச் செலவை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கட்டுவதற்குக் காசு தருகிறவர்கள் கிடைப்பார்கள், பராமரிக்கத் தருகிறவர்கள் அருமை.

ஆறாம் படி: கூட்டத்தை ஒழுங்காக நடத்துங்கள்

உரிமையாளரோ போசகரோ ஊரில் நிற்கும் நாட்களைப் பாருங்கள். வெளிநாட்டவர் என்றால் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருவார்கள். கேள்விகளை இரண்டு வாரத்துக்கு முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். திடீரென்று கேட்டு ஆளை மடக்குவதில் ஒரு பயனும் இல்லை. நமக்கு வேண்டியது விபரம். முன்கூட்டிக் கொடுத்தால் "பார்த்துச் சொல்லுறன்" என்று தப்பவும் முடியாது.

போர்ட்ஸ்மத் ரசிகர்களிடம் இதைப் படிக்கலாம். 2013இல் அந்தக் கழகத்தை ரசிகர்களே வாங்கிக் காப்பாற்றியிருந்தார்கள். 2017இல் டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னர் அதை வாங்க வந்தபோது நகர மண்டபத்துக்கு வந்து அவர்களுக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. ஃபிரட்டன் பார்க் மைதானத்தை என்ன செய்யப்போகிறார் என்பது அவர்களுடைய பெரிய கவலைகளில் ஒன்று. கேட்டார்கள், கேட்ட பிறகுதான் வாக்களித்தார்கள். இந்த வரிசைதான் முக்கியம்: முதலில் கேள்வி, பிறகு வாக்கு. நம் ஊர்களில் அடிக்கல் நாட்டிவிட்டுத்தான் கூட்டம் வைக்கிறார்கள்.

கேள்விகளை மூன்று நாலு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். காணி ஒருவர், காசு ஒருவர், கட்டடம் ஒருவர். ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். தலைமை தாங்க நிர்வாக சபையில் இல்லாத, எல்லோரும் மதிக்கிற ஒருவரைக் கூப்பிடுங்கள். ஓய்வுபெற்ற அதிபரோ பங்குத்தந்தையோ பொருத்தம். ஒலிப்பதிவு செய்வதென்றால் எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி எப்படி இறுக வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்:

"ஐயா, இந்தக் காணி இப்ப சனசமூக நிலையத்தின்ர பெயரில இருக்கு. வேலை முடிஞ்சாப் பிறகு யார்ர பெயரில இருக்கும்?"

"அது தம்பி, ஊருக்குத்தானே செய்யிறன். கம்பனி ஒண்டு ஊடாகப் போகும்."

"கம்பனிக்குக் காணியை எழுதுறதோ, குத்தகைக்குக் குடுக்கிறதோ?"

"முப்பது வரியக் குத்தகை. அப்பதான் வங்கி நம்பும்."

"அப்ப குத்தகையை வங்கியில ஈடு வைப்பியளோ, ஐயா? கடன் கட்டுப்படாட்டி வங்கி யாரிட்ட வரும்?"

முதற்கேள்விக்கு வந்த பதில் கேட்க இதமாக இருந்தது, அதில் விபரம் இல்லை. இரண்டாவதில் குத்தகை என்ற சொல் வந்தது. மூன்றாவதில் ஈடு என்ற விடயம் மேசைக்கு வந்துவிட்டது. குரலை உயர்த்தாமல், ஐயா என்ற மரியாதை குறையாமல், ஒரே விடயத்தை மூன்று தரம் தொடர்ந்து கேட்டால் போதும். முதற்பதிலோடு ஒலிவாங்கியை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று.

கூட்டத்தில் யாராவது கட்டாயம் எழும்பி, "காசு தாறவரையே கேள்வி கேக்கிறியளோ? நன்றி கெட்ட சனம்" என்பார். அதற்குப் பதில் ஆயத்தமாக இருக்கட்டும். மைதானக் காணியின் இன்றைய சந்தை விலையை முன்பே விசாரித்துப் பரப்புக் கணக்கில் பெருக்கி வையுங்கள். நகரை அண்டிய இடமென்றால் அந்தத் தொகை பல வேளை கட்டடச் செலவையே தாண்டிவிடும். "அண்ணை, அவர் காசு போடுறார், ஊர் காணி போடுது. ரெண்டு பேரும் சேர்ந்து செய்யிற வேலை. ரெண்டு பேரும் கணக்குக் கேக்கலாம்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அவருக்குச் செலுத்தும் நன்றியைத் திறப்பு விழாவில் மாலை போட்டுச் செலுத்துவோம்.

ஆட்டக்காரர்களை மறக்க வேண்டாம். வேலை நடக்கும்போது பின்னேரப் பயிற்சி எங்கே, சிறுவர் அணி எங்கே ஓடும், லீக் ஆட்டங்கள் எந்த மைதானத்தில்? நாவாந்துறையோ குருநகரோ இளவாலையோ, பின்னேரத்தில் மைதானத்துக்குப் போய்ப் பழகிய பிள்ளையை இரண்டு பருவம் வீட்டில் இருத்தினால் அந்தப் பிள்ளை திரும்பி வராமலே போகலாம். புதிய அரங்கு வந்தபின் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாரத்தில் எத்தனை மணித்தியாலம் கட்டணமில்லாமல் திறந்திருக்கும் என்பதையும் எண்ணிக்கையோடு வாங்குங்கள்.

ஏழாம் படி: பதிலை எழுத்தில் வாங்குங்கள்

கூட்டம் முடிந்து மூன்று நாளுக்குள் கேள்வி, பதில், 'பிறகு சொல்வதாகச் சொன்னது' என்று மூன்று நிரலில் எழுதி அவருக்கே அனுப்புங்கள். "தவறு இருந்தால் இன்ன திகதிக்கு முன் திருத்தித் தரவும்" என்று போடுங்கள். அவர் திருத்தித் தந்தால் நல்லது, தராவிட்டால் அதுவே பதிவு. முக்கியமானவற்றை உடன்படிக்கையாக நொத்தாரிசு மூலம் எழுதுவிக்க வேண்டும்: காணி உரித்து மாறாது, ஈடு வைப்பதில்லை, குத்தகை என்றால் எத்தனை ஆண்டு, இன்ன காலத்துக்குள் வேலை முடியாவிட்டால் குத்தகை தானாகவே முடிவுறும்.

முகநூலில் "கள்ளன்", "காணி பிடிக்க வந்தவன்" என்றெல்லாம் எழுதும் ஆட்களைக் கட்டுப்படுத்துங்கள். மானநட்ட வழக்குக்கு இடம் கொடுக்கும், 2024இல் இருந்து நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. இன்னொன்று, உண்மையிலேயே நல்லது செய்ய வந்தவர் என்றால் மனம் நொந்து போய்விடுவார். ஆவணத்தைப் போடுங்கள், கேள்வியைப் போடுங்கள், பட்டம் சூட்டாதீர்கள்.

பதிலே தர மறுத்தால் கழகச் செயலாளருக்கு எழுத்துமூலம் விசேட பொதுக்கூட்டம் கேளுங்கள். யாப்பில் அதற்கு எத்தனை கையெழுத்து என்று இருக்கும். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தருக்கும், கழகம் சேர்ந்திருக்கும் லீக்குக்கும், கட்டட அனுமதி கொடுக்கும் சபைக்கும் பிரதி போகட்டும். அனுமதி இல்லாமல் அத்திவாரம் வெட்டினால் அதைச் சபைக்கு அன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள், சுவர் எழும்பிய பிறகு இடிக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

எட்டாம் படி: வேலை தொடங்கிய பிறகு

கட்டட வேலை தெரிந்த இரண்டு பேரையும் கழகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரையும் சேர்த்து ஒரு கண்காணிப்புக் குழு போடுங்கள். மாதம் ஒருதரம் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். பணக் கணக்கை மாதாமாதம் சனசமூக நிலைய அறிவித்தற் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். உறுதி, உடன்படிக்கை, வரைபடம் எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள், ஒரு செயலாளர் மாறியதோடு காணாமல் போகக்கூடாது.

கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்கும் கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மாரி கழியும்வரை மறித்து வைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அடிக்கிற மழையில் அரங்கின் கூரை, வடிகால், ஆடுகளத்தின் சரிவு மூன்றும் தங்களைக் காட்டிவிடும். பெருமழை பெய்த மறுநாள் காலையில் கண்காணிப்புக் குழு போய், இரண்டு கோல் வாசலிலும் மையவட்டத்திலும் தண்ணீர் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று அளந்து எழுதட்டும். வடியாமல் நின்றால் அந்தத் தாளோடு கொந்தராத்துக்காரரைக் கூப்பிடுங்கள், திருத்திய பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள்.